எரிமலையைவிட ஆபத்தானது எது?

எரிமலை என்றவுடன் எமது பத்திரிகைகள் வெளியிடும் படம் எப்போதும் ஒன்றுதான். மலைச்சரிவில் செந்நிறமாக வழிந்தோடும் நெருப்பாறு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி மேசைகளில் இருந்து பார்த்தவன் என்ற வகையில் சொல்கிறேன், அந்தப் படத்தைவிட அழகான படம் கிடைப்பது அரிது. அதைவிடத் தவறான படம் கிடைப்பதும் அரிது. எரிமலைகளால் மாண்டுபோன மக்களில் அந்த நெருப்பாற்றில் அகப்பட்டு இறந்தோர் மிகச் சிறிய பகுதியினரே. பெரும்பான்மையோரைக் கொன்றவை வேறு: சாம்பலும் வாயுவும் கலந்து தரையோடு பாய்ந்த அனல் மேகம், பனி உருகியும் மழை கரைத்தும் வந்த சேற்று வெள்ளம், கடலில் எழுந்த பேரலை, பயிர் அழிந்ததால் வந்த பஞ்சம்.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அறிந்தவர்களிடமிருந்து அறிய வேண்டியவர்களுக்குப் போய்ச்சேராத செய்தி. அதைப் பற்றி எழுதுவதற்கு முன்னர், எரிமலை ஏன் வெடிக்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். அது விளங்காவிட்டால் மற்றது விளங்காது.

எமது வீடுகளில் கூழ் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பானையில் வெறும் தண்ணீர் கொதிக்கும்போது குமிழிகள் எழுந்து எவ்விதத் தடையுமின்றி மேலே வந்து உடைகின்றன. மா கரைத்துக் கூழ் தடித்த பின்னரோ குமிழி எளிதில் மேலே வர முடிவதில்லை. அது அடியில் திணறி, பருத்து, ஈற்றில் பொளக்கென்று வெடித்துக் கூழை அள்ளிக் கையிலும் முகத்திலும் தெறிக்கிறது. எரிமலைகளின் வகை வேற்றுமை பெருமளவு இவ்வளவுதான்.

நிலத்தடியில் உருகிய பாறைக்குழம்பில் நீராவியும் காபனீரொட்சைட்டும் கந்தக வாயுக்களும் கரைந்திருக்கின்றன. ஆழத்தில் அமுக்கம் மிகுந்திருப்பதால் அவை அடங்கிக் கிடக்கின்றன. குழம்பு மேலெழ மேலெழ அமுக்கம் குறைந்து வாயு குமிழிகளாகப் பிரிகிறது. மூடியைத் திறந்த சோடாப் போத்தலில் நிகழ்வதும் இதுவே. குழம்பு இளகியதாயின் வாயு இலகுவாகக் கழன்றுவிடும். தடித்ததாயின் வாயு சிறைப்பட்டு விரிந்து, குழம்பையே தூள்தூளாகச் சிதறடித்து வானத்துக்கு வீசும். அந்தத் தூளைத்தான் நாம் சாம்பல் என்கிறோம். உண்மையில் அது எதுவும் எரிந்து எஞ்சிய சாம்பலன்று. நுண்ணிய கண்ணாடித் துகள்களும் பாறைத் துகள்களுமே.

குழம்பு தடிப்பதும் இளகுவதும் சிலிக்காவின் அளவைப் பொறுத்தது. கருநிறப் பசால்ட்டுக் குழம்பில் சிலிக்கா ஏறத்தாழ 50 வீதம். வெப்பம் 1,100 பாகை செல்சியசுக்கு மேல். அது எண்ணெய் போல் ஓடும். ரயோலைற்றுக் குழம்பில் சிலிக்கா 70 வீதத்தைத் தாண்டும், வெப்பமும் குறைவு. அது நகரவே மறுக்கும். அண்டிசைற்று இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும். கடற்றளம் ஒன்று இன்னொரு நிலத்தட்டின் கீழ் அமிழ்கின்ற இடங்களில், அது தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. அந்த நீர் மேலுள்ள பாறையை உருகச் செய்வதோடு குழம்பிலும் கலந்துவிடுகிறது. பசிபிக் சமுத்திரத்தைச் சுற்றியும் சுமாத்திரா, ஜாவாத் தீவுகளிலும் உள்ள எரிமலைகள் வெடிப்புக் குணம் கொண்டவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே வடிவத்தைப் பார்த்து ஓரளவு குணத்தைச் சொல்லலாம். ஹவாயின் மவுனா லோவா போன்றவை கேடய எரிமலைகள். இளகிய குழம்பு தூரமாகப் பரவிப் படிந்ததால், கவிழ்த்து வைத்த கேடயம்போல் அகன்றும் சரிவு குறைந்தும் இருப்பவை. ஜப்பானின் பூஜி, பிலிப்பைன்சின் மயோன், ஜாவாவின் மெராபி முதலியவை அடுக்கு எரிமலைகள். சாம்பலும் குழம்பும் மாறிமாறி அடுக்கப்பட்டுக் கூர்மையாக உயர்ந்தவை. நாட்காட்டிகளில் நாம் கண்டு மகிழும் அழகிய கூம்புகள் இவைதாம். மனிதரை அதிகம் கொன்றவையும் இவைதாம். 1943இல் மெக்சிக்கோவில் ஓர் உழவரின் சோளவயலில் திடீரென எழுந்த பரிக்குற்றின் போன்றவை சிறிய தணற்கூம்புகள். சுமாத்திராவின் தோபா போன்றவை, உள்ளிருந்த குழம்பு வெளியேறியதும் நிலமே உள்ளே இடிந்து விழுந்த பெருங்குழிகள். தோபா ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்னர் கக்கிய சாம்பல் இன்றும் இந்தியாவின் ஆற்றுப் படுகைகளில் அடுக்காகக் கிடக்கிறது.

இருந்தும் வகைப்பெயர் உறுதிமொழியன்று. 2018இல் ஹவாயின் கிலாவேயா ஏறத்தாழ 700 வீடுகளை விழுங்கியது; ஆயினும் அந்தக் குழம்பு ஓர் உயிரையும் கொள்ளவில்லை. மக்கள் விலகி நடக்க நேரம் இருந்தது. அதே கிலாவேயா 1790இல் வெடித்து, அவ்வழியே சென்ற படையினரைக் கொன்றிருக்கிறது. குழம்பு நிலத்தடி நீரைச் சந்தித்தால் நீர் நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். சாதுவான மலையும் அப்போது சீறும். 2019 டிசெம்பரில் நியூசிலாந்தின் வக்காரித் தீவில் சுற்றுலா சென்ற 22 பேரைப் பலிகொண்டது இத்தகைய நீராவி வெடிப்பே.

வெடிப்பின் பருமனை அளக்க 0 முதல் 8 வரையான ஒரு சுட்டெண் உண்டு. மேற்படிகளில் ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பத்து மடங்கு பெரிது. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா 7. 1991இல் பிலிப்பைன்சின் பினாதுபோ 6. 1985இல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெறும் 3. ஆனால் ரூயிஸ் ஏறத்தாழ 23,000 பேரைக் கொன்றது. அதைவிடப் பன்மடங்கு பெரிய பினாதுபோவின் வெடிப்பில் இறந்தோர் சில நூறு பேர். இந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது என்பதே என் கேள்வி. அதற்கு மலையில் விடை இல்லை.

முதலில் ஒரு பத்திரிகையின் கதை.

கரிபியன் கடலில் பிரான்சுக்குரிய மார்டினிக் தீவில் சென் பியேர் என்ற நகரம் இருந்தது. 1902ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அதன் தலைமாட்டில் இருந்த பெலே மலை புகைந்துகொண்டிருந்தது. சாம்பல் வீதிகளில் படிந்தது. கந்தக நாற்றம் மூச்சை அடைத்தது. மே 5ஆம் திகதி சேற்று வெள்ளம் ஒரு சீனித் தொழிற்சாலையை அள்ளிச் சென்றது. மே 11ஆம் திகதி தேர்தலின் இரண்டாம் சுற்று நடைபெற இருந்தது. நகரின் பத்திரிகையான ‘லே கொலொனி’, மே 7ஆம் திகதி ஒரு கல்லூரி ஆசிரியரின் செவ்வியை வெளியிட்டது. நேப்பிள்ஸ் நகருக்கு வெசுவியசால் எவ்வளவு ஆபத்தோ அதைவிட அதிகமான ஆபத்து சென் பியேருக்குப் பெலேயால் இல்லை என்பது அதன் சாரம். மறுநாள் காலை எட்டு மணியளவில் மலையிலிருந்து புறப்பட்ட அனல் மேகம் ஓரிரு நிமிடங்களில் நகரைச் சூழ்ந்தது. ஏறத்தாழ 28,000 பேர் இறந்தனர். நகருக்குள் உயிர்தப்பியோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுள் ஒருவர் தடித்த சுவர்கொண்ட சிறைக்கூடத்தில் அடைக்கப்பட்டிருந்த கைதி.

தேர்தலுக்காக மக்களைப் படைகொண்டு தடுத்து வைத்தார்கள் என்றொரு கதை பின்னாளில் பெருகியது. வரலாற்றாய்வாளர்கள் அதனை அப்படியே ஏற்பதில்லை. அவ்வாறான அனல் மேகம் ஒன்று உண்டென்பதை அந்நாளில் விஞ்ஞானமே சரிவர அறிந்திருக்கவில்லை. பிரெஞ்சுப் புவியியலாளர் அல்பிரட் லக்ருவா அதன் இடிபாடுகளை ஆராய்ந்த பின்னரே உலகம் அதைப் பற்றி விரிவாக அறிந்தது. எனவே அந்தப் பத்திரிகையைக் கொலையாளி என்று தீர்ப்பளிக்க நான் தயாராக இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லத் தயங்கமாட்டேன். அறியாமையை அறியாமை என்று எழுதாமல் ஆறுதலாக எழுதியதே அதன் பிழை. “என்ன நடக்கும் என்று எவருக்கும் தெரியாது” என்ற ஒரு வரி மே 7ஆம் திகதி அச்சாகியிருந்தால், சிலராவது தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே போயிருக்கக்கூடும்.

இரண்டாவது கதையில் அறியாமை என்ற சாட்டும் இல்லை.

நெவாடோ டெல் ரூயிஸ் பனிமூடிய மலை; 5,300 மீற்றருக்கு மேல் உயரம். அதன் ஆறுகள் இறங்கும் பள்ளத்தாக்கில் ஆர்மெரோ என்ற செழிப்பான நகரம் இருந்தது. பருத்தியும் நெல்லும் விளைந்த மண். அந்த மண்ணே பழைய சேற்று வெள்ளங்கள் கொண்டுவந்து போட்டதுதான். 1595இலும் 1845இலும் அந்த இடத்தைச் சேறு மூடியிருக்கிறது. 1984இன் இறுதியில் மலை விழித்தது. 1985 ஒக்டோபரில் விஞ்ஞானிகள் அபாய வரைபடம் ஒன்றைத் தயாரித்தார்கள். ஆர்மெரோ அதில் தெளிவாக அபாய வலயத்துக்குள் குறிக்கப்பட்டிருந்தது. வரைபடம் பத்திரிகையிலும் வெளியானது. தேவையற்ற பீதியைக் கிளப்புவதாகவும் காணி விலையை வீழ்த்துவதாகவும் அதன்மீது குறைகூறினார்கள். நவம்பர் 6ஆம் திகதி தலைநகர் பொகோட்டாவில் ஆயுதக் குழுவொன்று நீதி மாளிகையைக் கைப்பற்ற, நாட்டின் கண்ணும் பத்திரிகைகளின் முதற்பக்கமும் அங்கே திரும்பின. போர் நடக்கும் நாடொன்றில் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இது விளங்கும். துப்பாக்கி பேசும்போது மலை பேசுவது எவருக்கும் கேட்பதில்லை.

நவம்பர் 13ஆம் திகதி பிற்பகல் ஆர்மெரோவில் சாம்பல் விழுந்தது. அமைதியாக வீட்டுக்குள் இருக்குமாறு உள்ளூர் வானொலியும் தேவாலயமும் மக்களைக் கேட்டுக்கொண்டன. இரவு 9 மணிக்குச் சற்றுப் பின்னர் மலை வெடித்தது. சிறிய வெடிப்பு, அனல் துகள்கள் பனிக்கவசத்தின் ஒரு சிறு பகுதியை மட்டுமே உருக்கின. அந்த நீர் பள்ளத்தாக்கில் மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு, பருத்து, இரவு 11.30 மணியளவில் ஆர்மெரோவை அடைந்தது. நகரில் வாழ்ந்த 29,000 பேர் வரையானவர்களில் 20,000க்கும் மேற்பட்டோர் சேற்றில் புதைந்தனர்.

வெடிப்புக்கும் சேறு வந்து சேர்ந்ததற்கும் இடையில் இரண்டரை மணித்தியாலம். அண்மையில் மேட்டுநிலம் இருந்தது, நடந்தே போயிருக்கலாம்.

இந்த இடத்தில் எமது நாட்டவர் எவருக்கும் 2004 டிசெம்பர் 26 நினைவுக்கு வராமல் இராது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்ததற்கும் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் கடல் ஊருக்குள் வந்ததற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. அதிர்வை உலகின் கருவிகள் பதிவு செய்திருந்தன. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் கரைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. 30,000க்கும் மேற்பட்டோரைப் புதைத்தோம். ஆர்மெரோவில் சேறு, எங்களிடம் கடல். இடையில் இருந்த வெறுமை ஒன்றேதான்.

மறுபக்க நியாயத்தையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். 1976இல், மார்டினிக்கின் அயல்தீவான குவாதலூப்பில் லா சூஃப்ரியேர் என்ற எரிமலை சீறியது. 70,000க்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றினார்கள். மாதக்கணக்கில் அவர்கள் இடம்பெயர்ந்து வாழ்ந்தார்கள். அஞ்சிய பெருவெடிப்பு வரவில்லை. பிரெஞ்சு விஞ்ஞானிகளான ஹரூன் தாசியேஃபும் குளோட் அலேக்ரும் இதை முன்னிட்டுப் பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். வீண் வெளியேற்றத்தின் விலை என்னவென்று இடப்பெயர்வை அறிந்த எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விட்டுவந்த ஆடு மாடு, அறுவடை தவறிய வயல், பள்ளிக்கூடம் இழந்த பிள்ளை. இவை யாவும் உண்மையான இழப்புகள். ஓர் அதிகாரி தயங்குவதற்குக் காரணம் உண்டு.

ஆனால் தயக்கத்துக்குக் காரணம் இருப்பது வேறு, தயக்கத்தை மக்களிடமிருந்து மறைப்பது வேறு. “வெடிக்கலாம், வெடிக்காமலும் விடலாம், வெடித்தால் உங்கள் ஊருக்கு வருவது இது, தப்பும் வழி இது, உங்களுக்குள்ள நேரம் இவ்வளவு” என்று சொல்லிவிட்டால், தீர்மானத்தில் பாதி மக்களின் கைக்கு வந்துவிடும். ஆர்மெரோ மக்களுக்கு அந்த நான்கு வரிகள்தாம் கிடைக்கவில்லை.

இனி எமது தொழிலைப் பற்றியும் ஒரு சொல். 1991இல் ஜப்பானின் உன்சென் மலையில் தடித்த குழம்பு குவிமாடமாகத் திரண்டு நின்று, அவ்வப்போது சரிந்து அனல் மேகங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. வெளியேற்ற அறிவித்தல் விடுக்கப்பட்ட பகுதிக்குள் நல்ல படம் கிடைக்கும் ஓரிடத்தில் செய்தியாளர்கள் கூடினார்கள். ஆளற்ற வீடுகளுக்குள் புகுந்து சிலர் மின்சாரமும் தொலைபேசியும் பயன்படுத்தியதால், ஊர்க் காவலுக்காகத் தொண்டர் தீயணைப்புப் படையினர் அங்கே திரும்ப நேர்ந்தது. ஜூன் 3ஆம் திகதி வந்த மேகம் 43 பேரைக் கொன்றது: செய்தியாளர்கள், ஒளிப்பதிவாளர்கள், அவர்கள் அமர்த்திய வாடகை வண்டிச் சாரதிகள், அந்தத் தீயணைப்புப் படையினர். ஆபத்தைப் பற்றி மக்களுக்குச் சொல்ல வந்தவர்களே அந்த ஆபத்தைப் படமாக மட்டும் பார்த்தார்கள். எமது துறையில் துணிவு என்று போற்றப்படுவதில் ஒரு பகுதி, உண்மையில் பிறருடைய உயிரைச் செலவிடுவது. இதை நாம் எமக்குள் பேசிக்கொள்வது குறைவு.

அந்த 43 பேரில் எரிமலைகளையே வாழ்வாகக் கொண்ட பிரெஞ்சுத் தம்பதியர் கட்டியா, மொரிஸ் கிராஃப்ட் இருவரும் அடங்குவர். ஆர்மெரோவின் பின்னர் மனம் நொந்து, எரிமலை எவ்வாறு கொல்கிறது என்பதைப் பாமரரும் கண்டு விளங்கும் ஒளிப்படமாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர்கள் அவர்கள். அந்த ஒளிப்படம் அதே நாட்களில் பிலிப்பைன்சில் அதிகாரிகளுக்கும் கிராம மக்களுக்கும் போட்டுக் காட்டப்பட்டது. அங்கே பினாதுபோ ஏறத்தாழ 500 ஆண்டு உறக்கம் கலைந்து அதிரத் தொடங்கியிருந்தது. ஏப்ரலில் முதல் நீராவி வெடிப்பு. பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து நில அதிர்வையும் கந்தக வாயுவையும் அளந்து, ஐந்து படிகளில் எளிய எச்சரிக்கை முறை ஒன்றை வகுத்து, படியேறும்போதெல்லாம் மக்களுக்கு அறிவித்தார்கள். பல்லாயிரவர் வெளியேறினர். ஜூன் 15ஆம் திகதி, கிராஃப்ட் தம்பதியர் இறந்து பன்னிரண்டாம் நாள், இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் வெடிப்புகளுள் ஒன்று நிகழ்ந்தது. சாம்பல் 35 கிலோமீற்றர் உயரம் எழுந்தது. அதே நாளில் சூறாவளியும் வந்ததால், நனைந்து கனத்த சாம்பலின் பாரத்தில் கூரைகள் இடிந்து சில நூறு பேர் இறந்தார்கள். பின்னர் முகாம்களில் நோயும் பலரைக் கொண்டுபோயிற்று. இருந்தும் எச்சரிக்கையால் குறைந்தது 5,000 உயிர்கள் காக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

கணக்கு எங்கே பிழைக்கிறது என்று கேட்டேனல்லவா? சிலிக்காவும் வாயுவும் வெடிப்பின் பருமனைத் தீர்மானிக்கின்றன. இறப்பின் பருமனைத் தீர்மானிப்பது சொல்.

இலங்கையில் எரிமலை இல்லை. ஆனால் எரிமலைகளைக் கொண்ட சமுத்திரத்தின் கரையில் நாம் இருக்கிறோம். 1883 ஓகஸ்டில் கிரக்கட்டோவா வெடித்து, பேரலையால் 36,000 பேர் வரை மாண்டபோது, இலங்கைக் கரையிலும் கடல் உள்வாங்கித் திரும்பியது பதிவாகியுள்ளது. 2018 டிசெம்பரில் அதன் வாரிசான அனக் கிரக்கட்டோவாவின் சரிவு கடலுக்குள் இடிந்து விழ, எழுந்த அலை 400க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2004இன் பின்னர் கட்டப்பட்ட எச்சரிக்கை முறை நில நடுக்கத்தை நம்பியது. அன்று பெரிய நடுக்கம் எதுவும் முன்வரவில்லை. எனவே எச்சரிக்கையும் வரவில்லை. கருவி இருக்கிறது என்று நாம் உறங்கிவிடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இளம் பத்திரிகையாளர்களுக்கு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அனர்த்தம் நடந்த மறுநாள் எழுதுவது எளிது. கண்ணீரும் படமும் தாமாகவே வந்து சேரும். அனர்த்தம் நடக்காத நாளில் எழுதுவதே கடினம். அபாய வரைபடத்தை அச்சிடுங்கள். மண்சரிவாயினும் வெள்ளமாயினும் கடலாயினும், எந்த ஊர் எந்த வலயத்தில் உள்ளது, ஓடவேண்டிய மேடு எது என்று எழுதுங்கள். விஞ்ஞானி “சாத்தியம் உண்டு” என்றால் அதை “நிச்சயம்” என்று பெருக்கவும் வேண்டாம், “ஒன்றுமில்லை” என்று சுருக்கவும் வேண்டாம். எச்சரித்தும் எதுவும் நடவாமற் போனால், எச்சரித்தவரை மறுநாள் கேலி செய்யாதீர்கள். அடுத்த முறை அவர் வாய்திறக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தின் விலையை அவர் கொடுக்கப்போவதில்லை. ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் உறங்குகிறவர்களே கொடுப்பார்கள்.